மழைக்காலமும் குடும்பத்துக்கேற்ற பழைய காரும்

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்காக ஆற்றிய உரை)



பழைய கார் ஒன்றை வாங்குவதற்கு முன் ஒரு தொழிலாளர் குடும்பம் ஆராய வேண்டியவை யாவை என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். அதிலும் குறிப்பாக, மழைக்காலத்தில் நம்பி ஏறக்கூடிய காரை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பனி பெய்யும் நாடுகளில் குளிர்காலம் தொடங்குமுன்னரே மக்கள் தம் காரின் டயரையும் பேட்டரியையும் சோதித்து வைப்பது வழக்கம். நம் நாட்டில் பனி இல்லை. அதற்கு ஈடாக நமக்கு வாய்த்திருப்பது மழை. வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில் தொடங்கி மார்ச் வரை வீசுகிறது. கிளந்தான், திரெங்கானு, பகாங், ஜொகூரின் கிழக்குப் பகுதி ஆகியவை அந்நாள்களில் பெருமழையைக் காண்கின்றன. மேற்குக் கரை மாநிலங்களில் இரு பருவங்களுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரையொட்டியும் மாலை வேளைகளில் இடியுடன் மழை கொட்டுகிறது. தோட்டத்துச் செம்மண் சாலை அப்பொழுது எப்படி இருக்கும் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சாலையில், தந்தை முன்னே அமர, பள்ளிப் பையோடு பிள்ளை நடுவே ஒடுங்க, தாய் பின்னே கைக்குழந்தையை அணைத்துக்கொள்ள, ஒரே மோட்டார் சைக்கிளில் ஒரு குடும்பமே செல்வதை நாம் கண்டு வருகிறோம். நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. ஆகவே கார் வேண்டுமென்று விரும்பும் தொழிலாளியை ஆடம்பரப் பிரியர் என்று நாம் கருதுவதில்லை. மருத்துவமனை பன்னிரண்டு கல் தொலைவில் இருக்க, நள்ளிரவில் மழையும் பெய்ய, வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், கார் என்பது தேவைப்பொருளே ஆகும்.

ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. மற்றத் தொழில் செய்வோருக்கு மழை என்றால் நனைவது மட்டுமே. பால்மரம் வெட்டுவோருக்கு மழை என்றால் வருமானக் குறைவு. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் கத்தி மரத்தில் படாது. வெட்டிய பிறகு மழை வந்தால் மங்கில் பாலுக்குப் பதில் தண்ணீர் நிற்கும். மழை ஓய்ந்து பிப்ரவரி, மார்ச் பிறந்தால், மரம் இலையுதிர்க்கிறது, பால் குறைகிறது. மரத்துக்கு அதுவே குளிர்காலம். இவ்வாறு ஆண்டில் நான்கைந்து மாதங்கள் கைக்கு வருவது சுருங்கும் காலமாக அமைந்துவிடுகிறது. பழைய கார் பழுதுபடுவதும் பெரும்பாலும் அந்த மாதங்களிலேதான். வரவு குறையும் நேரமும் செலவு கூடும் நேரமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. ஆகவே ஒரு தொழிலாளி கார் வாங்கும்பொழுது, நல்ல மாதத்துச் சம்பளத்தை மனத்தில் வைத்துக் கணக்கிடலாகாது. சென்ற ஆண்டின் டிசம்பர்ச் சம்பளச் சீட்டையும் மார்ச்சுச் சம்பளச் சீட்டையும் எடுத்து மேசைமேல் வைத்துக் கணக்கிட வேண்டும்.

அதே காரணத்தால், கையிலுள்ள பணம் முழுவதையும் காரின் விலையாகக் கொடுத்துவிடுதல் கூடாது. கையில் 10,000 வெள்ளி உண்டு என்று வைத்துக்கொள்வோம். 10,000 வெள்ளிக் காரைத் தேடாமல் 8,000 வெள்ளிக் காரைத் தேடுங்கள். மீதி 2,000 வெள்ளி டயருக்கும், பேட்டரிக்கும், பிரேக்குக்கும், வைப்பருக்கும், எண்ணெய் மாற்றுவதற்கும் என ஒதுங்கட்டும். பழைய கார் எதுவாயினும் வாங்கிய மூன்று மாதத்திற்குள் இவற்றில் சிலவற்றை மாற்றியே ஆக வேண்டியிருக்கும். விற்பவர் ‘எல்லாம் புதிதாக மாற்றியாயிற்று’ என்றுதான் சொல்வார். மாற்றியதற்கான பட்டறை ரசீதைக் காட்டினால் மட்டும் நம்புங்கள்.

இனி, எவ்வகைக் கார்?

வீட்டில் எத்தனை பேர் என்பதை முதலில் எண்ணுங்கள். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் என்றால் ஐந்து இருக்கைக் கார் போதும். பாட்டியும் உடன் இருந்தால் போதாது. பாட்டியின் மடியில் பேரனை உட்கார வைத்துவிடலாம் என்று எண்ணுவது நம்மிடையே உள்ள வழக்கம். அவ்வழக்கம் ஆபத்தானது, சட்டத்துக்கும் மாறானது. பின்னிருக்கையில் அமர்வோரும் இருக்கைவார் அணிய வேண்டுமென்பது 2009 ஜனவரி 1 முதல் கட்டாயமாயிற்று. தனியார் கார்களில் சிறு குழந்தைகளுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கை வேண்டுமென்பது 2020 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. ஆகவே பின்னிருக்கையின் வார்கள் ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். பழைய கார்களில் அவை இருக்கைக்கு அடியில் புதைந்து கிடக்கும். சிலவற்றில் பூட்டே காணாமற் போயிருக்கும்.

பெரிய குடும்பத்துக்கு 2009ஆம் ஆண்டில் வெளிவந்த பெரோடுவா அல்சா, புரோட்டோன் எக்சோரா போன்ற ஏழு இருக்கை வாகனங்கள் பழைய சந்தையில் கிடைக்கின்றன. சிறிய குடும்பத்துக்கு 2005 முதல் ஓடும் பெரோடுவா மைவி, புரோட்டோன் சாகாவின் பிற்கால வகைகள் ஆகியன உண்டு. எந்த நிறுவனத்துக்கும் விளம்பரம் செய்வது நம் நோக்கமன்று. ஆயினும் நம் கருத்தை ஒளிக்க வேண்டியதுமில்லை. பக்கத்துச் சிறு பட்டணத்தில் எந்தக் காரின் உதிரிப்பாகம் அன்றைக்கே கிடைக்குமோ, எந்தக் காரைப் பட்டறைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவாரோ, அதுவே தோட்டத்துக்கு உகந்த கார். முதல் சாகா 1985 ஜூலையில் சாலைக்கு வந்த நாள்தொட்டு உள்நாட்டுக் கார்களுக்கு இருக்கும் பெரும் அனுகூலம் இதுதான்.

இதற்கு மாறாக, பதினைந்து ஆண்டு பழகிய ஐரோப்பியக் கார் ஒன்று மைவியின் விலைக்கே கிடைப்பதைக் கண்டு மயங்குவோர் இருக்கின்றனர். அதன் விலை ஏன் அவ்வளவு இறங்கிற்று என்று அவர்கள் கேட்பதில்லை. வாங்கும் விலை இறங்கினாலும் அதன் உதிரிப்பாகத்தின் விலை இறங்குவதில்லை. அவ்வாறே, தோட்ட நிர்வாகி ஓட்டுவதைப் போன்ற நான்கு சக்கர இயக்க வாகனம் வேண்டுமென்ற ஆசையும் பலருக்கு உண்டு. சேறு மிகுந்த உட்சாலையில் அதன் பயனை மறுக்க முடியாது. ஆனால் அதன் டயரின் விலை, எண்ணெய்ச் செலவு, பழுதுச் செலவு ஆகியவற்றை நாளும் பொழுதும் தாங்குவது குடும்பமே. லயத்திலிருந்து பெரிய சாலைக்குச் செல்லும் வழியைப் பால் லோரி கடக்க முடிகிறதென்றால், அடிப்புறம் உயர்த்திய அளவில் கெடாமல் இருக்கும் சாதாரணக் காரும் மெல்ல ஓட்டினால் பெரும்பாலும் கடக்கும்.

‘கெடாமல் இருக்கும்’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் இளைஞர்கள் சிலர் ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துகின்றனர். அகன்ற ரிம் பூட்டுகின்றனர். முன்னும் பின்னும் பாவாடை கட்டுகின்றனர். அப்படிப்பட்ட கார் தோட்டத்துப் பாலத்தைத் தாண்டும்பொழுதே வயிறு தட்டும். இளைஞர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, தாழ்த்திய காரைக் குடும்பத்துக்கு வாங்க வேண்டாமென்றே நாம் கூறுவோம்.

காரைப் பார்க்கச் செல்லும்பொழுது ஒரு முறை போதாது. இரு முறை செல்ல வேண்டும். முதல் முறை வெயிலில் செல்லுங்கள். ஈரமான காரில் கீறலும் சாயத்தின் வேறுபாடும் கண்ணுக்குத் தெரியாது. கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள சந்து மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்கிறதா, முன்மூடியின் திருகாணிகளில் சாவி பட்ட தழும்பு உண்டா என்று பாருங்கள். இரண்டாம் முறை மழை பெய்யும் நாளில் செல்லுங்கள். மழை இல்லையேல், கண்ணெதிரே காரைக் கழுவித் தருமாறு கேளுங்கள். கழுவிய பின் கதவைத் திறந்து, மிதியடியைத் தூக்கிக் கையால் தடவிப் பாருங்கள். பொருள்பெட்டியின் அடிப்புறத்தையும் தடவுங்கள். கதவைச் சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டை வெடித்திருந்தால் அங்கே ஈரம் தட்டும். மழையில் பார்க்க வரவேண்டாம் என்று ஒருவர் வற்புறுத்தித் தடுத்தால், அந்தக் காரை மறந்துவிடுவது நலம்.

டயரைப் பற்றி நாம் கூடுதலாகவே பேசப் போகிறோம். இந்த அவையில் அது பொருத்தமும் ஆகும். டயரில் கலந்திருக்கும் இயற்கை ரப்பர் உங்களைப் போன்றோர் இருட்டில் எழுந்து வெட்டிச் சேர்த்த பாலிலிருந்து வந்ததே. ஆயினும் அந்த டயரின்மேல் எழுதியிருப்பதைப் படிக்க நம்மில் பலர் கற்றுக்கொள்ளவில்லை.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளை ஒட்டி ஒரு வரி இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்று இருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். ரப்பர் முதுமை அடையும் பொருள் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. வெயிலில் கிடக்கும் ரப்பர் எவ்வாறு இறுகி வெடிக்கிறதோ, அவ்வாறே ஓடாமல் நிற்கும் காரின் டயரும் இறுகும். ஐந்து ஆண்டைக் கடந்த டயரை ஆண்டுதோறும் பட்டறையில் காட்டிச் சோதிக்க வேண்டும். பத்து ஆண்டைக் கடந்த டயரை, அதன் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், கழற்றிவிட வேண்டும். பழைய காரில் ‘பள்ளம் தேயாத நல்ல டயர்’ என்று விற்பவர் காட்டுவது பல வேளைகளில் ஓட்டப்படாமலே முதுமையடைந்த டயராக இருக்கும்.

பள்ளத்தின் ஆழமோ சட்டப்படி 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. அளவுகோல் தேவையில்லை. பள்ளங்களுக்குள்ளே ஆங்காங்கே குறுக்காகச் சிறு மேடுகள் இருப்பதைக் காணலாம். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். சாலையில் நீர் நிற்கும்பொழுது, அந்த நீரை வாங்கிப் பக்கங்களில் தள்ளிவிடுவதே பள்ளத்தின் வேலை. நம்மவர் ‘போத்தாக்’ என்று கூறும் மொட்டை டயருக்கு நீரைத் தள்ள வழியில்லை. ஆகவே அது நீரின்மேல் ஏறி மிதக்கத் தொடங்கும். மிதக்கும் நேரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. பிரேக்கை மிதித்தாலும் நில்லாது. வெயில் நாளில் அதே டயர் ஒரு குறையும் காட்டாமல் ஓடியிருக்கும். அதனால்தான் பலர் அதை மாற்றாமல் விட்டுவிடுகின்றனர். நான்கு டயரும் ஒரே அளவாக இருக்கின்றனவா என்றும், உட்புறம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்களின் நேர்த்தி தவறியிருக்கிறது. அல்லது முன்பு எங்கோ பலமாக மோதியிருக்கிறது.

அடுத்து, இஞ்சினை ஓடவிட்டு, முன்விளக்கு, வைப்பர், குளிர்சாதனம், பின்கண்ணாடிச் சூடேற்றி ஆகிய அனைத்தையும் ஒரே நேரத்தில் போட்டுப் பாருங்கள். மழை பெய்யும் இரவில் இவை எல்லாமே ஒன்றாக இயங்க வேண்டியவை. அப்பொழுது விளக்கு மங்கினால், அல்லது இஞ்சின் தடுமாறினால், பேட்டரியோ அதற்கு மின்னூட்டும் கருவியோ தளர்ந்துவிட்டது. குளிர்சாதனத்தை ஆடம்பரம் என்று எண்ணி, ‘அது கெட்டிருந்தால் விலை குறையும், நல்லதுதானே’ என்று வாங்குவோர் உண்டு. மழையில் ஐந்து பேர் ஏறி அமர்ந்து கதவைச் சாத்தினால் இரண்டே நிமிடத்தில் கண்ணாடி முழுவதும் ஆவி படர்ந்துவிடும். அந்த ஆவியை உலர்த்துவது குளிர்சாதனமே. அது இயங்காத காரில், துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்ட நேரிடும்.

இவ்வளவும் பார்த்த பின், இனி சொல்லப்போவதில் தவறினால் பார்த்தது அத்தனையும் வீணாகும். வெள்ளத்தில் மூழ்கிய காரைப் பற்றிச் சொல்கிறோம்.

2014 டிசம்பரில் கிளந்தானில் ஏற்பட்ட பெருவெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2021 டிசம்பர் நடுப்பகுதியில் கிள்ளான் பள்ளத்தாக்கு மூழ்கியதையும், ஷா ஆலாமின் ஸ்ரீ மூடா வட்டாரத்தில் வீட்டுக்கூரை வரை நீர் ஏறியதையும் படங்களில் கண்டிருப்பீர்கள். அத்தகைய வெள்ளத்துக்குப் பிறகு, மூழ்கிய கார்களில் ஒரு பகுதி கழுவப்பட்டு, உலர்த்தப்பட்டு, மெருகேற்றப்பட்டு விற்பனைக்கு வருகிறது. மூழ்கிய இடத்தில் அதை விற்க மாட்டார்கள். வேறு மாநிலத்தில் விற்பார்கள். சந்தை விலையைக் காட்டிலும் இரண்டாயிரம், மூவாயிரம் குறைத்துச் சொல்வார்கள். குறைந்த விலையை நாடும் நம்மவரே அதற்கு முதல் வாடிக்கையாளர் ஆகின்றனர்.

அத்தகைய கார் முதல் வாரத்தில் நன்றாகவே ஓடும். மின்கம்பி இணைப்புகளுக்குள் புகுந்த சேற்றுநீர் மெல்ல மெல்லத் துருவாகி, இரண்டு மூன்று மாதம் கழித்தே வேலையைக் காட்டும். ஒரு நாள் கண்ணாடி இறங்காது. மற்றொரு நாள் நடுவழியில் இஞ்சின் நின்றுபோகும். பட்டறைக்காரர் ஒன்றைச் சரிசெய்தால் வேறொன்று கிளம்பும். விபத்து நேரத்தில் காற்றுப்பை விரியாமலே போகக்கூடும் என்பதுதான் இதில் கொடியது.

கண்டுபிடிக்கும் வழிகள் உண்டு. இருக்கைவாரை முழுவதுமாக வெளியே இழுங்கள். வழக்கமாக உள்ளேயே சுருண்டு கிடக்கும் அதன் கடைசிப் பகுதியைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. அங்கே சேற்றுக் கறை கோடிட்டிருந்தால் நீர் அதுவரை ஏறியிருக்கிறது. முன்னிருக்கையைப் பின்னே தள்ளி, அது நகரும் தண்டவாளத்தையும் அதன் திருகாணிகளையும் டார்ச்சு விளக்கால் பாருங்கள். மாற்றுச் சக்கரத்தைத் தூக்கி அதன் குழியில் மணல் இருக்கிறதா என்று பாருங்கள். பியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்தால் மூலைகளில் மெல்லிய மண் படிந்திருக்கும். முன்விளக்கின் உட்புறத்தில் நீர்க்கோடு தெரியும். இஞ்சின் எண்ணெயை அளக்கும் கம்பியை உருவினால், எண்ணெய் தேநீரில் பால் கலந்த நிறமாக இருந்தால் அதில் நீர் கலந்திருக்கிறது. பத்து வயதுக் காரில் தரைவிரிப்பு மட்டும் புத்தம் புதியதாக இருந்தால், பழையது எங்கே போயிற்று என்று கேளுங்கள். கண்ணாடிகளை ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு, கால்மணி நேரம் வெயிலில் நிறுத்திப் பின் திறந்து முகர்ந்து பாருங்கள். நறுமணப் பொருள் நான்கைந்து தொங்கினால் அவற்றை முதலில் கழற்றிவிட்டு முகருங்கள்.

சாவியை முதல் கட்டத்துக்குத் திருப்பும்பொழுது காற்றுப்பையின் விளக்கும், ஏபிஎஸ் உள்ள காராயின் அதன் விளக்கும், எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால் கோளாறை மறைக்க விளக்கையே பிடுங்கியிருக்கிறார்கள் என்று ஐயுற வேண்டும்.

இவற்றையெல்லாம் தனியாகச் செய்ய இயலாதவர்கள், தமக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லலாம். விற்பவர் பரிந்துரைக்கும் பட்டறைக்காரர் வேண்டாம்.

பரிசோதனைச் சான்று இருக்கிறதே, பிறகு என்ன அச்சம் என்று சிலர் கேட்கின்றனர். உரிமை மாற்றத்துக்காக புஸ்பகோம் போன்ற பரிசோதனை நிலையத்தில் நடைபெறும் சோதனை, காரின் உடல் எண்ணும் இஞ்சின் எண்ணும் பதிவோடு ஒத்திருக்கின்றனவா, திருட்டுக் காரா, இரண்டு கார்களை வெட்டி ஒட்டியதா என்பன போன்றவற்றையே முதன்மையாகப் பார்க்கிறது. அது மிகத் தேவையான சோதனை. ஆனால் இஞ்சின் இன்னும் இரண்டாண்டு ஓடும் என்றோ, கியர் பெட்டி தேயவில்லை என்றோ அது உறுதி கூறுவதில்லை.

இனி ஆவணங்கள். ‘சம்போங் பாயார்’ என்ற ஏற்பாட்டைப் பற்றி நாம் எச்சரிக்காமல் இருக்க முடியாது. ஒருவர் கடனில் வாங்கிய காரை, தவணை கட்ட இயலாமல், மற்றொருவரிடம் சிறு தொகை பெற்றுக்கொண்டு ஒப்படைத்துவிடுகிறார். மற்றவர் மாதந்தோறும் தவணையைத் தொடர்ந்து கட்டுகிறார். பெயர் மாறுவதில்லை, நிதி நிறுவனத்துக்கும் தெரிவதில்லை. நான்காண்டு கட்டிய பின்னும் கட்டியவருக்குக் கார் சொந்தமில்லை. முதல் ஆள் வேறெங்கோ கடன்பட்டு மறைந்துவிட்டாலோ, கட்டிய பணத்தை நிதி நிறுவனத்துக்குச் செலுத்தாமல் விழுங்கிவிட்டாலோ, ஒரு காலையில் கார் வாசலில் இராது. நிதி நிறுவனத்தின் இசைவின்றிச் செய்யும் இந்த ஏற்பாடு சட்டத்துக்குப் புறம்பானது. நண்பர், உறவினர், ஒரே தோட்டத்துக்காரர் என்ற முகத்துக்காக ஒப்புக்கொள்ளாதீர்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவில் உங்கள் பெயர் ஏறினால்தான் கார் உங்களுடையது.

கடனில் வாங்குவோருக்கு 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், விலை, முன்பணம், வட்டி, மொத்தம் ஆகிய யாவும் எழுதப்பட்ட அறிவிப்பு உங்கள் கைக்கு வர வேண்டும். முன்பணம் ரொக்க விலையில் பத்து விழுக்காட்டுக்குக் குறையலாகாது. முன்பணமே வேண்டாம் என்று அழைப்பவரிடம் இரு மடங்கு விழிப்பாக இருங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்திட வேண்டவே வேண்டாம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். காரின் விலை 18,000 வெள்ளி, முன்பணம் 1,800, கடன் 16,200. மாதம் 320 வெள்ளிதான், எளிதாகக் கட்டலாம் என்று சொல்வார்கள். எத்தனை மாதம் என்று கேளுங்கள். 72 மாதம் என்றால் மொத்தம் 23,040 வெள்ளி ஆகிறது. கடனுக்கு மேல் 6,840 வெள்ளி போகிறது. அந்த 320 வெள்ளியை டிசம்பர்ச் சம்பளத்திலும் மார்ச்சுச் சம்பளத்திலும் கழித்துப் பாருங்கள் என்று முன்னர்ச் சொன்னதன் பொருள் இப்பொழுது விளங்கும். அடுத்தடுத்து இரண்டு தவணை தவறினால் காரைத் திரும்ப எடுக்க நடவடிக்கை தொடங்கலாம். ஆனால் 21 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுக்காமல் எடுக்க முடியாது. ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவும் தேவை. எடுக்க வருபவர் அதற்கான அனுமதி அட்டையைக் காட்ட வேண்டும். இவற்றை அறியாமல், இருட்டில் வந்து மிரட்டியவர்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நிற்போர் இன்றும் உண்டு. தவணை கட்ட இயலாது என்று தெரிந்தவுடனே, இரண்டாம் மாதம் வரை காத்திராமல், நிதி நிறுவனத்திடம் சென்று பேசுங்கள். வட்டிக்காரரிடம் கடன் வாங்கித் தவணை கட்டுவது இருக்கும் குழியை விடப் பெரிய குழியைத் தோண்டுவதாகும்.

ஓடிய தூரத்தைக் காட்டும் கணக்கியைத் திருத்தி விற்பது 2011ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம். 60,000 கிலோமீட்டர் மட்டும் ஓடியது என்று காட்டும் காரில் பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் கேள்வி கேளுங்கள். கார் வணிகரிடம் வாங்கி ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. வழக்கறிஞர் வேண்டியதில்லை, பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. ஆனால் தனிமனிதர் ஒருவரிடம் நேராக வாங்கினால் அங்கே செல்ல இயலாது. எவரிடம் வாங்கினாலும் ரசீதையும், வணிகர் எழுத்தில் கொடுத்த வாக்குறுதியையும் பத்திரப்படுத்துங்கள். வாய்ச்சொல்லுக்கு அங்கே எடை குறைவு.

காப்புறுதியைப் பற்றி ஒன்று. விற்றவர் பெயரிலுள்ள காப்புறுதி உங்களுக்கு மாறி வராது. உங்கள் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். முழுக் காப்புறுதி எடுத்துவிட்டோம், வெள்ளம் வந்தால் பணம் கிடைக்கும் என்று நம்பியிருந்த பலர் 2021இல் வெறுங்கையோடு நின்றனர். சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் அடங்குவதில்லை. அதற்கென்று தனியே கேட்டு, சிறிது கூடுதல் கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டும். ஆற்றோரத் தோட்டங்களில் இருப்போர், தாழ்ந்த நிலத்து லயங்களில் இருப்போர், காப்புறுதி எடுக்கும் அன்றே இதைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை பிடித்த பிறகு நினைவுக்கு வந்து பயனில்லை.

எவ்வளவு நல்ல காராயினும் ஓடும் நீரில் இறக்கலாகாது. ஓரடி ஆழ நீர் சிறிய காரைத் தூக்கி மிதக்கவிடப் போதுமானது. இரண்டடி நீர் பெரிய வாகனங்களையும் அடித்துச் செல்லும். பாலத்தின்மேல் நீர் ஓடும் நாளில் வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். தேங்கிய சிறு நீரைக் கடந்த பின்னர், வேகமெடுக்குமுன் பிரேக்கை மெதுவாக நான்கைந்து முறை மிதித்து உலர்த்திக்கொள்ளுங்கள்.

உரை முடிந்ததும் நாம் சிறிது நேரம் இங்கேயே இருப்போம். ஒப்பந்தத் தாள்களைக் கொண்டு வந்திருப்போர் காட்டலாம். தேசிய மொழியில் உள்ளதைப் படித்து, பொருள் கூறுகிறோம்.